நிமிஷத்தின் இடத்தில் சூடு

போன மாதம் பண்டாரவளையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு தேநீர் குடித்தேன். முதல் வாயிலேயே கீரை வேகவைத்த தண்ணீர் வாடை. கடைக்காரரை நொந்து என்ன, அவர் வாங்கி ஊற்றுபவர்தானே. ஈரக் கொழுந்தைப் போதிய சூட்டில் காய வைக்காவிட்டால் அது காயாது, புழுங்கிவிடும். புழுங்கிய தூளை என்ன செய்தாலும் அந்த வாடை போகாது. அரைக் கோப்பையோடு எழுந்து வந்தேன்.

இந்த வாடை வந்தால் எனக்கு சி மொழி ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் சி மொழியைத்தான் சொல்கிறேன். நான் அதை எழுதத் தொடங்கியது எண்பதுகளின் பிற்பாதியில், பதுளைக் கடைவீதியில், ஒரு இரும்புச் சாமான் கடையின் மேல்மாடியில். கீழே ஆணி, தகரம், பெயின்ட், கயிற்று உருண்டை. மேலே ரவூப் நானாவும் நானும் ஒரு கம்ப்யூட்டரும். கடை நானாவின் வாப்பாவுடையது; அவர்கள் வீட்டில் அப்பா வாப்பா, அண்ணன் நானா. நானா கொழும்பில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வந்தவர். வரும்போது அந்தக் கம்ப்யூட்டரைத் துவாயால் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். அதை அவரே நூறு தடவை சொல்லியிருக்கிறார். பக்கத்து மிளகாய் மில் ஓடத் தொடங்கினால் திரை சுருங்கும். உடனே நாங்கள் எழுதியதைப் பத்திரப்படுத்திவிட்டு, மில் நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தூசித் தும்மலோடு கற்றுக்கொண்ட மொழி அது.

நான் உயர்தர வகுப்பில் கணக்குப் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தவள். நானா என் பள்ளிக்கூடத்தில் போய், கணக்கு வரும் பிள்ளை யாராவது உண்டா என்று விசாரித்திருக்கிறார். அப்படித்தான் அந்த மாடிக்குப் போனேன். ஒரு புத்தகத்தின் போட்டோ பிரதியைக் கையில் தந்து, "படிச்சிட்டு எனக்கும் சொல்லித் தா தங்கச்சி" என்றார். அவருக்குக் கம்பியும் ஈயமும் வரும், மொழி வராது. எனக்கு நேர்மாறு. ஒரு மாதத்தில் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்துமூன்று வயதில் அப்படி நினைக்காதவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

எங்களுக்கு வந்த முதல் பெரிய வேலை கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலைக்கு. தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோர் வேறெதுவுமில்லை, என் அப்பா கொழுந்து அரைக்கும் ரோலர் ஓட்டிய ஸ்டோர்தான். நான் பிறந்த லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, பார்த்தால் அதன் புகைபோக்கி தெரியும். அரைத்த கொழுந்தை நிறம் மாறும்வரை மேசையில் பரப்பி வைப்பார்கள். எத்தனை நிமிஷம் என்று, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் சொல்வார். அப்புறம் அது காய வைக்கும் ட்ரையருக்குள் போகும். ட்ரையரின் சூடு எவ்வளவு என்பதையும் அவரே சொல்வார். எங்கள் பெட்டி இந்த இரண்டையும் கவனிக்க வேண்டும். நிமிஷம் முடிந்தால் மணி அடிக்கும். சூடு சரியாக இருந்தால் பச்சை விளக்கு, கூடினால் சிவப்பு, குறைந்தால் மஞ்சள். பெட்டிக்குள் இருந்த சின்னச் சில்லுக்கான, அதாவது சிப்புக்கான, புரோகிராம் என்னுடையது.

பெட்டியை வைத்த முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. நேரத்தை நான் விநாடிக் கணக்கில் எண்ணியிருந்தேன். அந்தச் சில்லில் ஒரு சாதாரண முழு எண் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் வரைதான் போகும். அதைத் தாண்டினால் சத்தமில்லாமல் கழித்தல் பக்கம் விழுந்துவிடும். ஒன்பது மணி நேரம் ஓடியதும் விநாடி கழித்தலில் போய், மணி நிற்காமல் அடித்திருக்கிறது. "பெட்டிக்குப் பேய் புடிச்சிருச்சு" என்று தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், வெட்டி வைத்தார்கள். நான் போய் ஒரு வரியை மாற்றினேன். தேசிக்காய்க்குத்தான் பெயர் கிடைத்தது.

அந்தப் பிழை சத்தம் போட்டது, அதனால் பிழைத்தேன். சத்தம் போடாத பிழையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஸ்டோரில் எண்ணுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் கிடையாது. ரோலர்கள் போடும் இரைச்சலில் நீட்டிப் பேச முடியாது. டீமேக்கர் "நூத்தி இருவது!" என்று கத்துவார். மேசைப் பக்கம் நின்று கத்தினால் அது நிமிஷம். ட்ரையர் பக்கம் நின்று கத்தினால் சூடு. கொழுந்துத் தராசுப் பக்கம் நின்றால் எடை. அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால் போதும், யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து வளர்ந்த எனக்கு, வெறும் எண் போதாது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கொழும்புப் பிள்ளை யாராவது எழுதியிருந்தால் நிமிஷம், சூடு என்று பெயர் வைத்து எழுதியிருப்பாள். நான் 'ஒன்று', 'இரண்டு' என்று வைத்தேன். புரோகிராமுக்குள் டீமேக்கர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று யார் பார்ப்பது?

ஓரிடத்தில் நிமிஷத்தை முதலிலும் சூட்டை இரண்டாவதாகவும் கொடுத்திருக்க வேண்டும். நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இரண்டும் முழு எண்கள். கம்பைலர், அதாவது நாம் எழுதியதைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றித் தரும் புரோகிராம், ஒரு வார்த்தை சொல்லவில்லை. எண் கேட்ட இடத்தில் எண் வந்தது, அதற்கு அது போதும். மழைக் காலத்தில் நிமிஷம் நூற்றிருபது, சூடு நூற்றிருபத்தைந்து. இடம் மாறினாலும் யாருக்குத் தெரியும்? பெட்டி ஆறு வாரம் ஒழுங்காக ஓடியது. டீமேக்கர் போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் அதைத் தட்டிக் காட்டினாராம்.

பிறகு காற்றுக் காலம் வந்தது. எங்கள் ஊவா மாகாணத்தில் காய்ந்த காற்று அடிக்கும் நாட்களில்தான் தேயிலைக்கு நல்ல மணம் ஏறும். அந்த மணத்தைப் பிடிக்க டீமேக்கர் நிமிஷத்தைத் தொண்ணூறுக்குக் குறைத்தார். மேசைப் பக்கத்தில் அவரே நின்று, மூக்கை வைத்துப் பார்த்து, மணிக்குக் காத்திராமல் கொழுந்தை எடுத்தார். அதனால் மணி பிந்தியது அவருக்குத் தெரியவில்லை. ட்ரையரில் நின்றவர் எங்கள் லயத்துச் செல்லையா மாமா. பெட்டி அந்தத் தொண்ணூறை இருக்க வேண்டிய சூடு என்று எடுத்துக்கொண்டு அவருக்குச் சிவப்பு விளக்கைக் காட்டியது.

அன்றைக்கு மாமாவுக்கும் டீமேக்கருக்கும் நடந்த பேச்சை அப்பா பிற்பாடு எனக்கு அப்படியே சொன்னார்.

"ஐயா, வாட மாறுதுங்க. தீயக் கூட்டவா?"

"பெட்டி என்ன சொல்லுது?"

"செவப்பு எரியுதுங்க."

"அப்பக் கொறைக்கத்தானே வேணும்? பெட்டி சொல்றதக் கேளு."

மூன்று நாள் தூள் முழுக்கப் புழுங்கிப்போனது. வருஷத்தின் நல்ல தூள். தோட்டத்து மேனேஜரான துரை ஸ்டோருக்கே வந்து கத்தினார். சூடு குறைந்தால் ட்ரையர்காரன் தூங்கினான் என்றுதான் பொருள். சூட்டைக் குறைக்கச் சொன்னது தான்தான் என்பதை டீமேக்கர் மறைத்துவிட்டார். செல்லையா மாமாவை ஸ்டோரைவிட்டு எடுத்து, மலையில் கான் வெட்ட அனுப்பினார்கள். பதினெட்டு வருஷம் ட்ரையர் முன்னால் நின்ற மனிதர், மண்வெட்டியோடு தண்ணீர்க் கான் வெட்டப் போனார். அவர் போன மறுநாளே காற்று விழுந்து மழை பிடித்துக்கொண்டது. நிமிஷம் மறுபடி நூற்றிருபது. புது ஆள் நின்றான், தூள் நன்றாக வந்தது. பார்த்தீர்களா, குற்றம் செல்லையாவிடம்தான் என்று எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது. அப்பாவின் கடிதத்தில் இதைப் படித்துவிட்டு எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பாவம், வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் போனது. நானாவின் சிநேகிதர் ஒருவர் கொழும்பிலிருந்து புதுக் கம்பைலர் ஒன்றை டிஸ்க்கில் போட்டு அனுப்பினார். பழையதற்கு எந்த இடத்தில் எதைக் கொடுத்தாலும் சரி. இது ஒவ்வொன்றும் என்ன வகை என்று முன்கூட்டியே, ஓடவிடுவதற்கு முன்பே, சரிபார்க்கும். இருந்தாலும் எண்ணுக்கும் எண்ணுக்கும் அதனாலும் வித்தியாசம் காண முடியாது. நிமிஷம், சூடு என்று நாம் புதுப் பெயர் சூட்டினாலும், சி மொழி அந்தப் பெயரைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் எண்ணைத்தான் பார்க்கும். ஒருநாள் மில் ஓடி, வேலை நின்றிருந்த நேரத்தில் எனக்கு ஒரு யோசனை. எண்ணைத் தனியாக விடாமல் ஒரு ஸ்ட்ரக்டுக்குள் போட்டால் என்ன? நிமிஷத்துக்கு ஒரு உறை, சூட்டுக்கு இன்னொரு உறை. உள்ளே ஒரே மாதிரி எண் இருந்தாலும் உறை வேறு என்றால் கம்பைலர் ஏற்காது. சில்லுக்கு இதனால் பெரிய பாரமும் இல்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, மில் நின்றதும் பழைய புரோகிராம் முழுவதையும் அப்படி மாற்றினேன்.

ஒரே ஒரு பிழை வந்தது. கம்பைலர்தான் தப்பு என்று நினைத்தேன். வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாலாவது தடவை பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. நிமிஷத்தின் இடத்தில் சூடு.

"நானா, செல்லையா மாமா தூங்கல்ல" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஹர்த்தாலும் ஊரடங்குமாக, பஸ் ஓடுமா ஓடாதா என்பது காலையில்தான் தெரியும் காலம் அது. மறுநாள் ஓடியது. பண்டாரவளையில் மாறி, கொஸ்லந்தப் பக்கம் இறங்கி, நேரே டீமேக்கரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பெட்டி பழுதுன்னு நான் தொரைகிட்ட சொல்லிக்கிறேன். நீ எழுதினது தப்புன்னு வெளிய சொல்லாத. சொன்னா, பெட்டிய நம்பச் சொன்னது யாருன்னு வரும். நானா பொழப்பும் போயிரும். செல்லையாவ நாளைக்கே ஸ்டோருக்கு எடுத்துர்றேன், போதுமா?"

போதும் என்றேன். நியாயமாக மறுத்திருக்க வேண்டும். பயம், வெட்கம், இரண்டும். வேலை போய்விடும் என்ற பயத்தைவிட, அந்த லயத்தில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை போய்விடும் என்ற பயம்தான் பெரிது.

சொன்னபடியே அவரை ஸ்டோருக்கு எடுத்தார்கள். அடுத்த தடவை நான் வீட்டுக்குப் போனபோது செல்லையா மாமா வாசலில் வந்து நின்றார். கையில் காகிதத்தில் சுற்றிய தூள்.

"எனக்காகப் பதுளயிலருந்து வந்து பேசுனியாமே பாப்பா. யாரு செய்வா?"

நான் வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு தடவை மட்டுமில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் பொட்டலம் வரும். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து, "எதுக்கு மாமா இதெல்லாம்" என்பதோடு நிறுத்தினேன். பிறகு கொழும்பு, பிறகு வெளிநாடு. அப்பா இறந்தபின் தோட்டத்துப் பக்கம் போகக் காரணமும் இல்லாமல் போனது.

பண்டாரவளைத் தேநீர் என்னைச் சும்மா விடவில்லை. மறுநாள் கொஸ்லந்தப் பக்கம் பஸ் ஏறினேன். ஸ்டோர் இருந்த இடத்தில் ஸ்டோர் இல்லை. தகரம், கண்ணாடி, மரம், எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ட்ரையர் நின்ற சீமெந்துத் தரையில் யாரோ உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். கொழுந்து இப்போது லொறியில் வேறெங்கோ போகிறதாம். எங்கள் லயமும் இல்லை. பதுளையில் நானாவின் கடையும் இல்லை, நானாவும் இல்லை. செல்லையா மாமா போய்ப் பன்னிரண்டு வருஷம் என்று அவர் மகள் ராணி சொன்னாள். அவளுக்கே இப்போது நாற்பத்தைந்து தாண்டியிருக்கும். தோட்டத்தில் கட்டிக்கொடுத்த சின்ன வீட்டில் இருக்கிறாள். நான் அவளைக் கடைசியாகப் பார்த்தபோது பல் விழுந்த பிள்ளை.

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். இன்னும் தள்ளிப்போட்டால் சொல்லமாட்டேன் என்று எனக்கே தெரியும். எண், உறை எல்லாம் சொல்லவில்லை. உங்கள் அப்பா தூங்கவில்லை, பெட்டியும் பழுதாகவில்லை, நான் எழுதியதுதான் தப்பு, அதை மறைத்தேன், அவர் தந்த தூளையும் வாங்கிக்கொண்டேன் என்றேன். ராணி கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப கான் வெட்டப் போனாரே, அந்த ரெண்டு மாசம், அது ஒங்களாலயா?"

"ஆமா."

"எங்கப்பாவ நாங்க பாத்ததே அந்த ரெண்டு மாசந்தான்க்கா. ஸ்டோர்னா ராவெல்லாம் வேல, பகலெல்லாம் தூக்கம். சத்தம் போட்டா அம்மா அடிக்கும். கான் வெட்டப் போனப்பத்தான் நாலு மணிக்கு வீட்டுல இருப்பாரு. என்னயத் தோள்ல வச்சு ஓடைக்குக் கூட்டிட்டுப் போவாரு. எங்ககூட ஒக்காந்து சாப்புடுவாரு. அவருக்கு மனசு ஒடஞ்சு கெடந்துச்சுன்னு பெரிய புள்ள ஆனப்பொறவுதான் வெளங்கிச்சு. நீங்க வந்து பேசித் திரும்ப ஸ்டோருக்கு அனுப்புனீங்கன்னு அம்மா சொன்னப்ப, ஒங்கள நான் எவ்வளவு ஏசியிருக்கேன் தெரியுமா?"

அவள் சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. எழுந்து தேநீர் போட உள்ளே போனவள், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"இன்னுங் கொஞ்சம் நாள் கழிச்சுக் கண்டுபுடிச்சிருக்கக் கூடாதாக்கா?"