ஈஸ்டர் காலையில் அம்மாவின் கண்ணாடியோடு செங்கல்பட்டுக்கு

2006 ஈஸ்டர் அன்று நானும் மகள் பிரின்சியும் செங்கல்பட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கும், அங்கிருந்து மாமல்லபுரத்துக்கும் போய் வந்தோம். என் மனைவி ஸ்டெல்லாவுக்குச் செங்கல்பட்டுதான் சொந்த ஊர். பத்து மாதங்களுக்கு முன்பு அவளை அங்கேதான் அடக்கம் செய்தோம்.

தாம்பரத்திலிருந்து விடியற்காலை மின்சார ரயில். முப்பது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். ஜன்னலோர இடம் தாராளமாகக் கிடைக்கும். சிங்கப்பெருமாள்கோவில் தாண்டும்போதுதான் பிரின்சியின் கையில் ஸ்டெல்லாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு இருப்பதைப் பார்த்தேன்.

"இது எதுக்குடா?"

"அம்மா எழுந்ததும் நம்மளத் தேடுவாங்கல்ல. கண்ணாடி இல்லன்னா அவங்களுக்கு எதுவும் தெரியாதுப்பா."

ஈஸ்டர் அன்று இயேசு கல்லறையிலிருந்து உயிர்த்தெழுந்தார் என்று ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சொன்னதை ஆறு வயதுக்காரி அப்படியே எடுத்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கே எழுந்திருக்க மாட்டாங்கம்மா" என்றேன். "இயேசு எழுந்தாரே. அம்மா அவர்கிட்டதான் இருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடித்தோம். முப்பது ரூபாய். ஓட்டுநர் சும்மா பேச்சுக் கொடுத்தார்.

"இன்னா பாப்பா, கண்ணாடி யாருக்கு எடுத்துகினு போற?"

"எங்கம்மாவுக்கு. கல்லறைல இருக்காங்க. இன்னிக்கு எழுந்திருப்பாங்க."

அவர் ஆட்டோவின் பக்கக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். இறக்கிவிடும்போது, "நான் இங்கயே நிக்கிறேன் சார். நிதானமா வாங்க" என்றார்.

உள்ளே நல்ல கூட்டம். சிலுவைகளைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிரின்சி அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். வெயில் ஏறியது. பக்கத்துக் குடும்பங்கள் கிளம்பின. அவள் அசையவில்லை.

கடைசியில், "இன்னைக்கு இல்லையாப்பா?" என்றாள்.

"இல்லடா. இயேசு முதல்ல எழுந்தார். ஒருநாள் எல்லாரையும் கூப்பிடுவார். என்னைக்குன்னு எனக்குத் தெரியாது."

"கூப்பிடுவாரா? நிச்சயமா?"

பெரியவர்கள் யாராவது கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது. அந்த நம்பிக்கை இருக்கிறதா என்று எனக்குள்ளேயே தேடிப் பார்த்தேன். இருந்தது.

"நிச்சயமா."

அவள் கொஞ்சம் அழுதாள். நானும் அழுதேன். பிறகு கூட்டை மூடி என் சட்டைப் பையில் வைத்தாள். "நீங்க வச்சுக்கோங்க. தொலைச்சிடாதீங்க."

வாசலில் ஓட்டுநரிடம் அவளே போய்ச் சொன்னாள்: "இன்னிக்கு இல்லையாம் அங்கிள். ஆனா நிச்சயமாம்."

"அது போதும் பாப்பா, வா, குந்து" என்றார் அவர்.

மாமல்லபுரத்துக்குத் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ், ஒரு மணி நேரம். கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் மதியம்வரை அலையில் ஆடினாள். வறுத்த மீனை எனக்கு மிச்சம் வைக்காமல் தின்றாள். அவள் சிரிப்பதைப் பார்த்தபடி மணலில் உட்கார்ந்து, வெகுநாளைக்குப் பிறகு கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

போகிறவர்களுக்கு: கல்லறைத் தோட்டத்தில் நிழல் குறைவு, குடையும் தண்ணீரும் அவசியம். பூவைச் செங்கல்பட்டு மார்க்கெட்டிலேயே வாங்கிவிடுங்கள். குழந்தைகளை அழைத்துப் போகத் தயங்க வேண்டாம்.

அடுத்த ஞாயிறு பூசையில், இறந்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று நம்புகிறோம் எனச் சொல்லும் இடம் வந்தது. பத்து மாதமாக அங்கே உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவன், அன்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் பிரின்சி என்னைவிடச் சத்தமாக.