பஞ்சுக்கு விழுந்த அடி

அக்கா வீட்டுப் பின்னறையில் மெத்தை தைத்துப் பிழைத்த அந்த மனிதரைத் தெருவே பஞ்சுமாமா என்றுதான் கூப்பிட்டது. கல்யாணம் காட்சி எதுவும் அமையவில்லை. அக்கா, கட்டிக்கொடுத்துவிட்ட அக்கா மகள், இவர், சொந்தம் அவ்வளவுதான். பழைய மெத்தையைப் பிரித்துக் கொட்டி, இரண்டு மெல்லிய பிரம்புகளால் தட்டித் தட்டிப் பஞ்சை எழுப்புவார். காற்று புகுந்தால் பஞ்சு பறந்துவிடுமென்று அந்த அறைக்கு ஜன்னலே வைக்கவில்லை. படுக்கையும் அங்கேதான். கண்ணை மூடினால் மேகத்துக்குள் மிதப்பது போலிருக்கும். தூரத்தில் ஒரு ஜன்னல் திறந்திருக்கும். அதை நோக்கி மிதந்துகொண்டே போவார். கை எட்டும் நேரத்தில் இருமல் வந்து எழுப்பிவிடும்.

மாடியறைக்கு இரண்டு பக்கமும் ஜன்னல். குடியிருப்பவர்கள் காலி செய்ததும் உனக்குத்தான் என்று அக்கா சொல்லியிருந்தாள். காலியும் செய்தார்கள். மாமா மேலே போய், எந்தப் பக்கம் தலைவைப்பது என்று படுத்துக்கூடப் பார்த்துவிட்டார். அந்த வாரமே மகளும் மாப்பிள்ளையும் வேலை மாற்றலாகி வந்து இறங்கினார்கள்.

"மாடி ரூமைச் சின்னஞ்சிறுசுங்களுக்கு விட்டுடலாமாடா?"

"சரிக்கா."

"நல்ல மெத்தையாத் தெச்சுக் குடு."

"அதுக்கென்னக்கா."

கதவைச் சாத்திக்கொண்டு பிரம்பை எடுத்தார். எதையாவது போட்டு அடித்தால் கோபம் தீர்ந்துவிடும் என்பார்களே, மாமாவும் அப்படித்தான் நம்பினார். தீரவில்லை. அடிக்க அடிக்க, மாடிப்படியும் மாப்பிள்ளையின் பெட்டியும் அக்காவின் முகமும் பஞ்சுக்குள்ளிருந்து எழுந்து எழுந்து வந்தன. அளவு மீறி அடித்தால் பஞ்சு நொறுங்கித் தூளாகிவிடும். தெரியாதவரா? கை கேட்கவில்லை. அந்தத் தூளையே உறையில் அடைத்துத் தைத்து மாடிக்கு அனுப்பிவிட்டார்.

மெத்தை சீக்கிரமே கட்டிதட்டிப் போனது. தூக்கம் கெட்ட மாப்பிள்ளை மனைவியிடம் சிடுசிடுத்தார். அவள் அம்மாவுக்கு முன்னால் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அக்காவுக்கு வேறு யார் கிடைப்பார்கள்? பின்னறைக் கதவு படாரென்று திறந்தது.

"மெத்தையாடா அது? கட்டாந்தரையே தேவலைன்னு மாப்பிள்ளை கீழ படுக்கிறார்!"

"பஞ்சை ரொம்ப அடிச்சிட்டேன்க்கா."

"ஏன், அது உன்னை என்ன பண்ணுச்சு?"

"உன்னை நெனைச்சு அடிச்சேன்."

மாமா பிரம்பைக் கீழே வைத்தார்.

"அந்த ரூம் எனக்குன்னு சொன்னியே."

"கேட்டேனேடா. நீதானே சரின்னே?"

"சரின்னுதான் சொன்னேன். சரியா இருந்துச்சான்னு நீ கேக்கலியே."

அக்கா பஞ்சுக் குவியல்மேல் மெல்ல உட்கார்ந்தாள். திறந்த கதவு வழியே வந்த காற்றில் பஞ்சு எழுந்து, அவசரமில்லாமல் அறையெல்லாம் மிதந்தது. கதவைச் சாத்த இருவருக்குமே தோன்றவில்லை.

"மடையா, இந்த அடியை அந்தச் சுவத்துல அடிச்சிருந்தா இந்நேரம் ஒரு ஜன்னலாவது வந்திருக்கும்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பே இருமலானது. அக்கா எழுந்து சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

"கொத்தனாரை வரச் சொல்றேன். நீ பஞ்சு அடிக்கறப்போ மட்டும் ஜன்னலைச் சாத்தி வெச்சுக்கோ."

"முதல்ல அந்த மெத்தையை இறக்கச் சொல்லுக்கா. புதுப் பஞ்சு போடணும்."

"நானும் ஒரு பிரம்பு எடுக்கட்டுமா?"

"எடு. யார் மேலயாவது கோபம் இருந்தா மட்டும் கொஞ்சம் ஓரமா உக்காந்துட்டு அப்புறம் வா."

அக்கா வெகுநேரம் ஓரமாகவே உட்கார்ந்திருந்தாள்.