வெயிலில் காய்ந்த கண்ணாடிக் குழாய்கள்

சோலாரக்கா என்றால் எங்கள் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. மாடிகளில் சூரிய வெந்நீர்த் தொட்டி மாட்டுகிறவள். தொட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறும்போது யாராவது, "ஒரு கை பிடிக்கட்டுமா?" என்று கேட்டால், "உங்களையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போவேன், வழியை விடுங்க" என்பாள். அந்த வாய் அடைத்துப்போவது ஒரே ஒரு வீட்டு வாசலில்தான். எங்களுக்கு அடுத்த வீடு. அவள் தங்கை வாழ்க்கைப்பட்ட வீடு.

தங்கை புருஷன் லாரி ஓட்டுகிறவன். கட்டையில் போறவன் என்று நான் அவன் காதுபடவே சொல்வேன், எனக்கென்ன பயம்? சாப்பாடு ஆறியிருந்தால் அடி, கதவு திறக்கத் தாமதமானால் அடி. ஒருமுறை அவள் தலையைச் சுவரில் மோதிய வேகத்தில், இந்தப் பக்கம் மாட்டியிருந்த எங்கள் கடிகாரம் விழுந்து உடைந்தது. மறுநாள் அக்கா வந்தாள்.

"பிள்ளையைத் தூக்கிட்டுக் கிளம்புடி. என்கூட வந்துடு."

"அவருக்கு என்னை விட்டா யார்க்கா இருக்கா?" என்றாள் தங்கை, வீங்கிய உதட்டோடு. எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே அவளை நாலு சாத்து சாத்தியிருப்பேன்.

ஒத்தடம் கொடுக்கவாவது உதவட்டும் என்று அக்கா அந்த மாடியில் ஒரு தொட்டியை மாட்டிக் கொடுத்தாள். அந்த வெந்நீரில் அவனும்தான் சொகுசாகக் குளித்தான். ஆனால் அக்கா கண்ணெதிரிலேயே தங்கையின் கூந்தலைப் பிடித்து இழுத்த அன்று, அக்கா விட்ட அறையில் அவன் முன்பல் தெறித்தது. திருப்பி அடிக்கத் தைரியமில்லை. மாடியேறி, தொட்டிக்குப் பச்சைத் தண்ணீர் வரும் வால்வை மூடி, தொட்டித் தண்ணீரை மொத்தமாகத் திறந்து விட்டான். "உங்கக்கா தண்ணில இனிமே எவ குளிக்கிறான்னு பாக்கறேன்" என்று கத்திவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு வெளியூர் போனான்.

நல்ல வெயில் காலம். கண்ணாடிக் குழாய்களுக்குள் தங்கியிருந்த தண்ணீரும் கொதித்து ஆவியாகிவிட்டது. வெறும் குழாய் வாணலி மாதிரி காயும். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் தீர்ந்தது. விஷயம் தெரிந்து ஒரு மத்தியானம் வந்த அக்கா அதனால்தான் வால்வைத் தொடவில்லை. குழாய்களை மூடி வைத்து, பொழுது சாய்ந்து சூடு ஆறியதும் நிரப்பலாம் என்று தார்ப்பாயை உதறிக்கொண்டிருந்தாள். நான் எங்கள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அப்போது வெளியூரிலிருந்து திரும்பிய அவன் ஏறி வந்தான், உடம்பெல்லாம் கிரீஸ்.

"யாரைக் கேட்டு மேல வந்தே? எனக்குக் குளிக்கணும், நகரு."

"மாப்பிள்ளை, வால்வைத் திறக்காதீங்க. குழாய் காய்ஞ்சு கிடக்கு, வெடிச்சிடும்."

"என் வீட்டு வால்வு. நீ சொல்லி நான் கேக்கணுமா?"

"சொன்னா கேளுடா!" என்று அக்கா அவன் கையைப் பிடித்தாள். அவன் அவள் வயிற்றில் உதைத்துத் தள்ளிவிட்டு, குழாய்கள் பக்கம் குனிந்து வால்வைத் திருகினான்.

பட்டாசுக் கட்டு வெடித்த மாதிரி வரிசையாக வெடித்தன. ஆவியும் கண்ணாடியும் அவன் முகத்தில் போய் அறைந்தன. அலறிக்கொண்டு விழுந்தான். கன்னம் கிழிந்து தொங்கியது, ஒரு கண் இருந்த இடத்தில் ரத்தம்தான் தெரிந்தது. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டு அந்த மாடிக்கு ஓடினேன்.

தங்கை எனக்கு முன்னே துண்டோடு வந்து அவனருகே உட்கார்ந்து, அழுதுகொண்டே ரத்தத்தை ஒற்றினாள். அவன் கை தடவித் தடவி அவள் தலையைத் தேடியது. பாவி, சாகிற நேரத்திலாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். மயிரைச் சுருட்டிப் பிடித்தான்.

"அக்காளும் தங்கச்சியும் சேர்ந்து திட்டம் போட்டீங்களாடி?" என்று அவள் நெற்றியைத் தரையில் மோதினான். கண்ணாடித் தூள் மேல்.

அக்கா ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு பாய்ந்தாள். "வேணாம்க்கா, விடு" என்றாள் தங்கை. அழுகை நின்றிருந்தது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னால் வளைத்தாள். ஒன்று முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் எழுந்து கீழே போனாள்.

அவனை ஸ்ட்ரெச்சரில் இறக்கிக்கொண்டு வந்தபோது அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்காவின் வண்டியருகே நின்றாள். நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது.

"கூட யாரும்மா வரீங்க? நீங்க இவருக்கு சம்சாரமா?" என்று ஆம்புலன்ஸ்காரர் அவளைக் கேட்டார்.

"இல்லீங்க, பக்கத்து வீடு" என்று சொல்லிவிட்டு, வண்டியில் அக்காவுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.