பலகை மேல் நின்று மாவரைத்த வீடு

வரிச்சிக்குடியிலிருந்து ஒரு அம்மாள் எங்கள் ஷோரூமுக்குப் போன் செய்தார். "நீங்க வித்த கிரைண்டரு டூப்ளிகேட்டுங்க. தொட்டா ஷாக் அடிக்குது. சம்பந்தி வீட்டுல நல்லா எங்க தலையில கட்டிட்டாங்க."

சர்வீஸ் பிரிவில் நான்தான் சீனியர். எங்கள் சரக்கை டூப்ளிகேட் என்றால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். டூல் பையோடு நானே கிளம்பினேன்.

கல்யாணச் சீராக வந்த கிரைண்டர் அது. மருமகள் இளவரசி மாவரைத்துக்கொண்டிருந்தாள். மாசமாக இருந்தாள். காலடியில் ஒரு மரப்பலகை.

"இது எதுக்குங்க?"

"அடுப்படியில நாங்க செருப்பு போட மாட்டோம் சார். பலகையில நின்னா ஷாக்கு தெரியாது. பழைய கிரைண்டருக்கும் இப்படித்தான் நிப்போம்" என்றார் மாமியார், பெருமையாக.

"அப்ப பழசும் அடிச்சுதா?"

"அடிச்சுது. ஆனா அது நாங்க வாங்குனதுங்க."

இளவரசியிடம் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். கிரைண்டரைத் திருப்பினேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது. முத்திரையை ஸ்டிக்கராக அடித்து ஒட்டுகிற புண்ணியவான்கள் உண்டு. அதனால் அதற்குக் கீழிருந்த லைசென்ஸ் நம்பரை அரசாங்க ஆப்பில் போட்டுப் பார்த்தேன். கம்பெனி பெயரும் மாடலும் சரியாக வந்தன. லைசென்ஸ் நடப்பில் இருந்தது.

பிறகு சுவருக்கு வந்தேன். மூன்று ஓட்டை சாக்கெட். மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினால், எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. வாசலுக்கு கிரானைட் போட்டவர்கள் கொல்லையில் எர்த் குழி போடவில்லை.

"கடல்காத்துல மோட்டாருல ஈரம் ஏறி கரண்ட் கசியுது. அதை நான் சரி பண்ணித் தர்றேன். ஆனா எர்த் இருந்திருந்தா கசியுறது மண்ணுக்குப் போயிருக்கும். இப்ப இந்தப் பொண்ணு மேல பாயுது. பலகை நனைஞ்சிருந்தா உயிரே போயிடும்மா."

"கொல்லையத் தோண்டணுமா? மல்லிப்பந்தல் பாழாயிடுமே. அறுப்பு முடியட்டும், பாப்போம். அதுவரைக்கும் பெரிய பலகையா போட்டுக்கறோம்."

"அம்மா சொல்றதும் சரிதான்" என்றான் மகன், கையிலிருந்த போனிலிருந்து தலையைத் தூக்காமல். வயிற்றில் அவன் பிள்ளையைச் சுமக்கிறவள் அந்தப் பலகையில் நிற்கிறாள். ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது.

இளவரசி மாவுக்கையைத் துடைத்தாள். பலகையிலிருந்து இறங்கினாள்.

"அத்தை, கிரைண்டரு எங்கப்பா குடுத்தது. அதை இவரு சரி பண்ணிக் குடுத்துடுவாரு. செவுரு உங்களுது. எர்த் போட்டதும் சொல்லியனுப்புங்க, வர்றேன்."

குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அவள் பெட்டியோடு வாசலுக்கு வருவதற்குள் மகன் அதே போனில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, இன்றைக்கே வரச்சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

சர்வீஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். முத்திரையைப் பாருங்கள், நம்பரைச் சரிபாருங்கள், சாக்கெட்டில் எர்த் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். பார்த்ததை வீட்டுக்காரர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். தலையாட்டுவார்கள். குழி தோண்டுவதற்கு மட்டும் அந்த வீட்டில் ஒருத்தி பெட்டி கட்டியாக வேண்டும்.