காதண்ணனின் டக் டக்

காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் குடித்தனம் நடக்கிறது. சூடான காற்றுக்கு ஒரு வழி, குளிர்ந்த காற்றுக்கு ஒரு வழி, நடுவே கதவுகள். ஒவ்வொரு கதவையும் திறந்து மூட, உள்ளங்கையில் அடங்கும் ஒரு மோட்டார். அதற்குள் பிளாஸ்டிக் பல்சக்கரம். ஒரு பல் உடைந்தால் போதும். கதவு பாதியில் நின்றுவிடும், மோட்டார் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவன் மாதிரி ‘டக் டக் டக்’ என்று ஆரம்பித்துவிடும்.

அந்தச் சத்தத்தைக் கேட்டே எந்த மோட்டார் என்று சொல்லிவிடுகிறவர் ஒரு பட்டறையில் இருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே எப்போதாவதுதான் நினைவுக்கு வரும். பட்டறைக்கு அவர் காதண்ணன். வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, “எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க” என்பார். முதலாளியும் மூடுவார். முதலாளியை வாய் மூட வைக்கிற அதிகாரம் எத்தனை தொழிலாளிக்கு வாய்த்திருக்கிறது?

அந்த அதிகாரத்துக்குத்தான் ஆபத்து வந்தது. கொஞ்ச காலமாகக் காதண்ணன் கை வைத்த வண்டிகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. கழற்றிப்போட்ட பழைய மோட்டார்களைப் பிரித்துப் பார்த்தால், பல்லெல்லாம் விளம்பரத்துக்குச் சிரிக்கிறவர் வாய் மாதிரி வரிசையாக இருந்தது. அன்று வந்த டாக்சிக்கு ஏற்கெனவே ஒரு புது மோட்டார் போட்டாகிவிட்டது. அதை ஓட்டுகிற அம்மாள் இறங்கும்போதே ஆரம்பித்தார்.

“என்னண்ணே, என் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் ஐஸ் பெட்டி. நடுவுல கியர் மட்டும்தான் சௌக்கியமா இருக்கு!”

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. காதண்ணன் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார்.

“இந்த வண்டி இதே குறையோட இன்னொரு தடவ கேட்டுக்குள்ள வந்துச்சுன்னா, நீ கேட்டுக்கு வெளிய போயிடு. கோவத்துல சொல்லல. காது போச்சுன்னா உன்ன வச்சு நான் என்ன பண்ண?”

ஐம்பதைத் தாண்டிய உடம்பில் காதை மட்டுமே பழக்கி வைத்திருக்கிற ஆள், வேறு எங்கே போய் என்ன வேலை கேட்பது?

காதண்ணன் வண்டிக்குள் உட்கார்ந்தார். டாக்சி அம்மாள் பக்கத்து இருக்கையில். இவர் ஏ.சி. குமிழைக் குளிரிலிருந்து சூட்டுக்குத் திருகினார். டக் டக் டக்.

“கேக்குதுல்ல?”

“என்னது?”

“டக் டக்னு.”

“ஒண்ணும் கேக்கலையே. எனக்குக் கேக்குறதெல்லாம் உங்க மூச்சுதான்.”

ஹாரனை அடித்து அடித்து இந்த அம்மாளுக்குக் காது மந்தம் என்று காதண்ணன் முடிவுகட்டினார். பேட்டரி வயரைக் கழற்றினார். கரண்ட் போனால் இந்த மோட்டார்கள் எல்லாவற்றையும் மறந்துவிடும், திரும்ப மாட்டினால் முதலிலிருந்து கற்றுக்கொள்ளும். கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். வண்டி கட்டையாகக் கிடந்தது.

டக் டக் டக்.

கரண்ட் இல்லாத மோட்டார் பேசாது. காதண்ணன் அவசரமாகக் கார்க் கதவைத் திறந்தார். இறங்கினார். சத்தமும் கூடவே வந்தது. பட்டறைக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அங்கேயும் டக் டக். தலையை உதறினார், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினார், நீச்சல் முடித்த பையன் மாதிரி ஒற்றைக்காலில் குதித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது எதற்கும் மசியவில்லை. இத்தனை நாளாக எல்லா வண்டியிலும் உடைந்துபோயிருந்தது அவர்தான்.

“என்னய்யா ஆச்சு?” வெளியிலிருந்து முதலாளி.

“பாத்துக்கிட்டு இருக்கேன் மொதலாளி.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. பார்த்ததே இல்லையே! கேட்டதோடு சரி. ஓடிவந்து புது மோட்டாரைக் கழற்றி, காற்றுக் கதவின் தண்டில் விரலை வைத்துத் திருப்பினார். பாதி வரை வந்தது, அப்புறம் இடித்தது. உள்ளே விரலை விட்டுத் துழாவினார். ஒரு கண்மை பென்சில். முன்கண்ணாடி ஓரத்துக் காற்றுச் சந்தில் விழுந்து, நேரே கதவிடுக்கில் போய்ப் படுத்திருந்தது.

“அடப்பாவி!” என்றார் டாக்சி அம்மாள். “இத எடுத்துட்டான்னு என் தங்கச்சிகிட்ட பேச்சையே விட்டுட்டேனே. பேசாமலே இருந்துருவோமா? நிம்மதியாத்தான் இருக்கு.”

காதண்ணன் எல்லாவற்றையும் மாட்டி, பேட்டரி வயரையும் இணைத்தார். “கொஞ்ச நேரம் எந்தப் பொத்தானையும் தொடாதீங்கம்மா. கதவெல்லாம் அதது எல்லையத் தேடிக்கட்டும்.”

தேடிக்கொண்டன. அம்மாள் இரண்டு கையையும் இரண்டு பக்கமும் நீட்டினார். “ரெண்டும் ஜில்லுன்னு இருக்கு!”

முதலாளி ஜன்னல் வழியாகத் தலையை விட்டார். “என்னய்யா, சத்தம் ஏதும் கேக்குதா?”

டக் டக் டக்.

“கேக்கல மொதலாளி.”

தொழிலுக்கு வந்து காதண்ணன் சொன்ன முதல் பொய் அது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டில், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் முன்னால் போய் உட்கார்ந்து தலையைச் சாய்த்தார்.

“என் காதுல உன் காத வச்சுப் பாரு.”

“வயசான காலத்துல கொஞ்சலு வேறயா?” என்றபடி வைத்தவர், கையிலிருந்த துணியை மடியில் போட்டார். “ஐயையோ. ஆமாங்க. கடிகாரம் மாதிரி ஓடுது.”

காதண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. பயத்தில் பாதி, இன்னொருத்தருக்கும் கேட்டுவிட்டதே என்ற ஆறுதலில் பாதி.

“நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம்.”

“வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்டி. பேட்டரியக் கழட்டி மாட்டுனா சரியாயிடும். ஆண்டவன் அத எங்க வச்சிருக்கான்னுதான் தெரியல.”

“வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?” என்று மடித்த துணியாலேயே ஒரு அடி வைத்தார். அப்புறம் மறுபடி காதை வைத்துக் கேட்டார்.

இப்போதெல்லாம் காதண்ணன் எந்த வண்டியானாலும் முதலில் பேட்டரி வயரைக் கழற்றி, கண்ணை மூடி உட்காருகிறார். தன் சத்தத்தைத் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்கிறார். பிறகு வயரை மாட்டி, கூட ஏதாவது கேட்கிறதா என்று பார்க்கிறார். என்ன பக்குவம் என்று வண்டிக்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். சில வண்டிகளில் இரண்டு டக் டக்கும் ஒன்றாக விழுந்து தொலைக்கின்றன. விரலும் முடிவாக ஒன்றும் சொல்லாதபோது, வேறு வழியில்லாமல் பக்கத்து இருக்கையைக் கேட்கிறார்.

“உங்களுக்குக் கேக்குதா சார்?”

பெரிய ஆள் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்து, வண்டிக்காரர் கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் கேட்கிறார்.

“ஆமாண்ணே, நல்லாவே கேக்குதே!”