உட்கார மாட்டேன் என்ற ஊசிக்கல் ராணி

“என்னை உக்கார வைக்கிறதுக்கு ஒரு ஆசனம் இன்னும் இந்த ஒலகத்துல பொறக்கல. இந்திரலோகத்துலருந்து சிம்மாசனத்தத் தூக்கிக்கிட்டு வந்து போட்டாலும் நான் நின்னுகிட்டேதான் இருப்பேன்!”

ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், 1994ஆம் ஆண்டு மாசி மாதத்தில், ஊரே திரண்டிருந்த இடத்தில் புஷ்பகாந்தி செய்த பிரகடனம் இது. அப்போது அவளுக்கு இருபது வயது. முதுகில் கொழுந்துக் கூடை, இடுப்பில் ஈரச் சாக்குப் படங்கு, கணுக்காலில் இரண்டு அட்டை. உலக சரித்திரத்தில் இதைவிட நல்ல உடையில் மணிமுடியை மறுத்தவர்கள் இருந்திருக்கலாம். இதைவிட உரத்த குரலில் மறுத்தவர்கள் இருந்ததாகத் தெரியவில்லை.

அவள் மறுத்த இராச்சியம் சாமானியமானதல்ல. இலங்கை மலைநாட்டில், வட்டவளையிலிருந்து பஸ் போகும் பாதையை விட்டு மேலே ஏறினால், தேயிலை முடிகிற இடத்தில் ஒரு சோலை வரும். அதற்குப் பின்னால் ஊசிபோல நிற்கும் ஒரு பாறை. அந்தப் பாறைக்குள் கன்னிமாரின் அரண்மனை இருப்பது மேல்கணக்கில் எல்லோருக்கும் தெரியும். தங்கக் கதவு, வெள்ளி ஊஞ்சல், பால் வாய்க்கால் எல்லாம் உள்ளே உண்டு. மூடுபனிதான் கோட்டை மதில். காற்றுதான் மந்திரி. நிலையான இராணுவம் அட்டைகள். அரிசி கேட்காமல், லீவு கேட்காமல், பகைவரின் இரத்தத்திலேயே வயிறு வளர்க்கும் இப்படியொரு படை வேறெந்த அரசுக்கும் வாய்த்ததில்லை.

பாறையடியில் ஆறு கற்கள் நட்டு மஞ்சள் பூசியிருந்தார்கள். அவை ஆறு கன்னிமார். ஏழாவதாக ஒரு தட்டைக் கல் கிடந்தது. அது வெறும் ஆசனம். ஏழாவது கன்னி தொழிலாளர் லயத்துப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்த இராச்சியத்தின் அரசியலமைப்பு. அவளைத் தெரிவு செய்வது ஆடு. மாசிப் பூசையில் கறுப்புக் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து அவிழ்த்து விடுவார்கள். அது எந்தக் குமரியின் முன்னால் போய் நின்று உடம்பைச் சிலிர்த்துக் குலுங்குகிறதோ, அவளே ராணி. பல தேசங்களில் இதைவிட மோசமான முறைகளில் ஆட்சியாளரைத் தெரிவு செய்கிறார்கள் என்பதால் ஆட்டைக் குறை சொல்வதற்கில்லை.

அந்த வருஷம் கிடாய் யாரையும் பார்க்காமல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே வந்து புஷ்பகாந்தியின் கூடையில் மூக்கை வைத்தது. பிறகு குலுங்கியது.

“குலுங்கிருச்சு! ஆத்தா வந்துட்டா!” என்று பூசாரி பொன்னையா உடுக்கையை உலுக்கினார்.

“குலுங்காம என்ன செய்யும் சாமி? விடியக்காலையிலருந்து மழையில நிக்குது. நீங்களுந்தான் குளுருல குலுங்குறீங்க, உங்களையும் ராணியாக்கிருவோமா?” என்றாள் புஷ்பகாந்தி.

“ஏய், வாய மூடு புள்ள!”

“பலா எலைக்கு வந்துச்சுங்க. எங்க வீட்டு ஆட்டுக்கு ஒடிச்சு வச்சிருக்கேன். கூடைக்குள்ள பாருங்க.”

எல்லோரும் பார்த்தார்கள். பலா இலை இருந்தது. ஒரு கணம் இராச்சியமே ஆட்டம் கண்டது. அப்போதுதான் தலைவர் மாயாண்டி முன்னால் வந்தார். தோட்டத்தில் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர், மரண வீட்டில் பந்தல் போட்டாலும் அவர்தான் தலைவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

“பலா எலைய ஒங் கூடைக்குள்ள வைக்கச் சொன்னது யாரு? அந்த ஆத்தாதானே!”

இந்தத் தர்க்கத்துக்கு இன்றுவரை எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதில் இல்லை. அதற்கு மேல் சட்டங்களை வாசித்தார்கள். ஆசனத்தில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் அவள் கன்னி. அடுத்த ஆடு அடுத்தவளைக் காட்டும் வரைக்கும் கல்யாணம் கிடையாது, ஆற்றுப் பாலத்தைத் தாண்டக் கூடாது, பல் தெரியச் சிரிக்கக் கூடாது. அவள் உட்கார்ந்திருக்கும் வரைக்கும் அந்த மலையில் யாரும் இரும்பு தூக்கக் கூடாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள்கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். கன்னி பேசவும் மாட்டாள். அவள் கண்ணைப் பார்த்துத் தலைவர் வாக்குச் சொல்வார்.

“அப்போ ராணி நானு, பேசுறது நீங்களா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் மேலே சொன்ன பிரகடனத்தைச் செய்தாள். செய்துவிட்டுக் கொழுந்து நிறுக்கப் போய்விட்டாள்.

போனால் மட்டும் பதவி போய்விடுமா? அன்று சாயந்தரம் வீட்டுக் காம்பராவுக்குள் நுழைந்தபோது தாய் மீனம்மா எழுந்து நின்றாள்.

“ரொட்டி சுட்டு வச்சிருக்கேன் தாயி. சாப்புடுறீங்களா?”

“என்னம்மா இது? நேத்து வரைக்கும் எருமன்னுதானே கூப்ட்ட?”

“நேத்து ஆடு குலுங்கலையே தாயி.”

தகப்பன் வீரய்யாவின் பக்தி இன்னும் ஆழமானது. சாராயத் தவறணைக்குப் புறப்படுமுன் வாசலில் நின்று மகளைப் பார்த்துக் கும்பிட்டு உத்தரவு கேட்பார். அவள் முறைத்தால் உத்தரவு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அவள் திட்டினால் ஆசீர்வாதமும் சேர்ந்து கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

புஷ்பகாந்தி பதவி விலகுவதற்குச் செய்யாத முயற்சி இல்லை. வெள்ளிக்கிழமை பார்த்துக் கருவாடு சுட்டுத் தின்றாள். அட்டன் பட்டணத்துக்குப் போய் மெட்னி ஷோ பார்த்து, கதாநாயகன் வரும்போது விசிலடித்தாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆயிரம் பேர் கேட்கச் சிரித்ததில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் தொப்பி விழுந்தது. ஒன்றும் பலிக்கவில்லை. கருவாட்டு வாசனை பட்ட வீட்டில் பல்வலி நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். விசில் சத்தம் திருவிளையாடல் என்றார்கள். குனிந்து தொப்பியை எடுத்த கண்டாக்கையாவுக்கு இடுப்புப் பிடிப்பு விட்டதாம்.

அதே நேரத்தில் கெட்டது நடந்தாலும் அவள் கணக்கில்தான். மண் சரிந்தால், பஸ் பழுதானால், கொழுந்து குறைந்தால், “ராணி உக்காந்திருந்தா இப்புடி நடக்குமா?” என்று கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தில் கொலைகாரன் யாரென்று தெரியப்போகும் நேரத்தில் டீவிப் பெட்டிக்குப் பூட்டியிருந்த பெட்டரி இறங்கிவிட்டது. அன்று லயமே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

“யாரு கொன்னதுன்னு நீங்களாவது சொல்லுங்க தாயி.”

“நாந்தான் கொன்னேன். போய்ப் படுங்க.”

ஆடு காட்டியவள் ஒருமுறையாவது உட்காராமல் அடுத்த ஆட்டை அவிழ்க்கக் கூடாதாம். அதனால் வருஷா வருஷம் மாசிப் பூசையில் மாயாண்டி கல்லைத் துண்டால் துடைத்துவிட்டுக் கெஞ்சுவார். “ஒரே ஒரு நிமிசம் தாயி. சும்மா குந்திட்டு எந்திரி. இராச்சியத்துக்கே கெட்ட பேரு.” அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பாள். கால் வலித்தாலும் நிற்பாள். பூசை முடியும் வரைக்கும் ஒரு மரத்தில்கூடச் சாய மாட்டாள்.

அவள் அப்படி நின்றதற்கு முதலில் வீம்பு ஒன்றுதான் காரணம். பிறகு இன்னொரு காரணமும் சேர்ந்தது. கொட்டகலை பஜாரில் தையல் கடை வைத்திருந்த யோகேஸ்வரன். தீபாவளிக்குச் சட்டைத் துணி கொடுக்கப் போனபோது, கூட வந்த ராசம்மாக்கா அவன் காதில் இவள் ராணி என்று ஓதியிருக்கிறாள்.

“ராணின்னா அளவு எடுக்காமலே தைக்கணுமா?” என்று அவன் கேட்டான்.

“கைய நல்லா அளந்து தைங்க. போன தடவ அக்குளுல கிழிஞ்சிருச்சு” என்றாள்.

அவளைக் கும்பிடாத ஒரே மனுஷன் அவன்தான். அதற்காகவே அவனைப் பிடித்துப்போயிற்று. தோட்டம் முணுமுணுத்தது. ஆனால் சட்டம் தெளிவாக இருந்தது: உட்கார்ந்தால்தான் கன்னி. இவளோ உட்காரவே இல்லை. 2001 தை மாதத்துக்கு முகூர்த்தம் குறித்தார்கள். இன்னும் ஒரு மாசிப் பூசையில் அவள் நிற்க வேண்டியிருக்காது; அதற்குள் பாலத்தைத் தாண்டிக் கொட்டகலைக்குப் போய், யாரும் தாயி என்று கும்பிடாத ஒரு பெண்ணாக வாழலாம். அதைத் தவிர அவள் வேறெதையும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்திய மார்கழியில், தோட்டத்து மேலாளரான தொரை ஒரு செய்தி சொன்னார். கன்னிமார் சோலையை வெட்டி மரத்தை விற்கப் போகிறார்களாம். அபிவிருத்தியாம்.

சோலைக்குள்தான் ஊற்று இருந்தது. அங்கிருந்து குழாய் வழியாக லயத்துப் பொதுப் பீலியில் வந்து கொட்டும் தண்ணீரைத்தான் மேல்கணக்கு முழுக்கக் குடித்தது; அதில்தான் குளித்தது, சமைத்தது. கீழ்க்கணக்கில் போன வருஷமே மரங்களை வெட்டியிருந்தார்கள். இப்போது அங்கே ஊற்று வற்றி, பெண்கள் வாளியோடு தண்ணீர் பவுசர் லொறிக்கு நின்றுகொண்டிருந்தார்கள். பவுசர் சில நாள் வரும். சில நாள் வருவதாகச் செய்தி மட்டும் வரும்.

புஷ்பகாந்தி பெண்களைக் கூட்டிக்கொண்டு தொரையிடம் போனாள். தொரை மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். மாயாண்டியிடம் போனாள்.

“தலைவரே, மலை வேலைய நிப்பாட்டுங்க. வேலைக்குப் போக வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

“அவசரப்படாத தாயி. கோயில் மண்டபத்துக்குப் புதுத் தகரம் தர்றேன்னு தொரை சொல்லியிருக்காரு. முழுக் கூரைக்கும்.”

“மழ தண்ணிய மறைக்கத் தகரம் வாங்கிட்டு, குடிக்கிற தண்ணிய வித்துட்டீங்களா?”

“கன்னிமாருக்குக் கூரை போடுறது குத்தமா?”

“அவங்க தங்க அரமனையில இருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்பறம் எதுக்குத் தகரம்?”

தலைவருக்கு அவசரமாக ஒரு கூட்டம் ஞாபகம் வந்தது. ஆண்கள் தகரத்தின் பக்கம் நின்றார்கள். சிலர் வெட்டுக் கூலியின் பக்கம் நின்றார்கள். வீரய்யா இரண்டு பக்கத்துக்கும் நடுவில், தவறணையில் நின்றார்.

வெட்டுக்கு முந்திய சாயந்தரம் பீலியடியில் மீனம்மா மகளின் குடத்தைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

“நீங்க உக்காந்தா… மலையில இரும்பு தூக்க மாட்டாங்க.”

“நான் உக்கார மாட்டேன்மா. வேற வழி இருக்கும்.”

“சரி தாயி.”

“என்ன சரி? இன்னொரு தரம் தாயின்னு சொன்னேன்னா குடத்தத் தூக்கி எறிஞ்சிருவேன். தை மாசம் எனக்குக் கல்யாணம். தெரியுமில்ல?”

“தெரியும்டி, எரும” என்றாள் மீனம்மா. ஏழு வருஷத்துக்குப் பிறகு வந்த வார்த்தை. குடம் நிறைந்து வழிந்தது.

மறுநாள் காலை பனி கலையுமுன்னே வெட்டுகிறவர்கள் சோலைக்கு வந்துவிட்டார்கள். பாதிப்பேர் லயத்து ஆட்கள். மீதிப்பேர் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து குணபால பாஸ் என்ற மேஸ்திரி கூட்டி வந்தவர்கள். கோடரி, மரம் அறுக்கும் வாள், சங்கிலி எல்லாம் வரிசையாகக் கிடந்தன. முதல் மரத்தில் அடையாளத்துக்கு ஒரு வெட்டும் விழுந்துவிட்டது. அப்போது பாறையடிக் கல்லை நோக்கிப் புஷ்பகாந்தி ஏறி வருவதைக் கண்டு, மாயாண்டி சேற்றில் சறுக்கிச் சறுக்கி ஓடி வந்தார். ஏழு வருஷமாக எந்தக் கல்லைத் துடைத்துத் துடைத்துக் காட்டினாரோ, அந்தக் கல்லுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றார்.

“உக்காராத தாயி! சொன்னாக் கேளு, உக்காராத!”

“ஏங்க? இராச்சியத்துக்குக் கெட்ட பேருன்னீங்க?”

“ஆடு பலா எலைக்குத்தான் வந்துச்சு! நானே கண்ணால பாத்தேன்! சத்தியமா!”

“எலைய வைக்கச் சொன்னது யாருங்க?” என்றாள் அவள்.

பெண்கள் வட்டமாக வந்து நின்றார்கள். குணபால பாஸுக்குத் தமிழ் அரைகுறை. விஷயம் என்னவென்று பக்கத்து ஆளிடம் கேட்டார். கேட்டதும் தொப்பியைக் கழற்றினார்.

மாயாண்டி கடைசி ஆயுதத்தை எடுத்தார். “கொட்டகலைத் தம்பிய நெனச்சுப் பாரும்மா. நல்ல பையன். உக்காந்தா கல்யாணம் கெடையாது. சட்டம்.”

“சட்டத்த யாரு போட்டா?”

“கன்னி போட்டது. எங்க தாத்தா காலத்துல.”

“இப்பக் கன்னி யாரு?”

தலைவர் அவள் கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு, விரித்த கைகளை இன்னும் அகல விரித்தார்.

சட்டத்தை மாற்ற முடியுமா, மாற்றினால் மலை ஒத்துக்கொள்ளுமா, மலை ஒத்துக்கொண்டாலும் யோகேஸ்வரனின் வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. கொட்டகலைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பனிதான் தெரிந்தது. ராசம்மாக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

“அழுவாதீங்கக்கா. அந்த ஆளுக்கு ஒரு சொல்லு அனுப்புங்க. என்னைப் பாக்கணும்னா மேல ஏறி வரச் சொல்லுங்க.”

பிறகு தலைவரின் கையை மெதுவாக விலக்கினாள். கல்லில் பாசி படிந்திருந்தது; அதைப் படங்கின் ஓரத்தால் துடைத்தாள். சுற்றியிருந்த யாரையும் பார்க்காமல், கொழுந்து மலையில் சாப்பாட்டு நேரத்தில் எப்படி உட்காருவாளோ அப்படியே காலை மடக்கி உட்கார்ந்தாள்.

முதலில் ஒரு வாள் கீழே வைக்கப்பட்டது. பிறகு கோடரிகள். “பே, மட்ட பே” என்று சிங்களத்தில் சொல்லி, தன்னால் ஆகாதென்று தலையை ஆட்டியபடி குணபால பாஸ் சங்கிலியையும் இறக்கி வைத்தார். மழை தூற ஆரம்பித்தது. யாரோ குடை கொண்டு வந்தார்கள். தொரையின் ஜீப் சத்தம் கீழே கேட்டது.

அவள் எழுந்திருக்கவில்லை.