தசரதன் பார்க்காத எரிமலை

தசரதன் பாலித் தீவுக்கு ஏழு முறை போய்வந்தவர். இரும்புலியூரில் அவர் தெருவிலிருந்து வேறு யாரும் அங்கே போனதில்லை. குரோம்பேட்டைக் கல்யாண மண்டபங்களில் சமைத்துக்கொண்டிருந்தவரை ஒரு சுற்றுலாக் கம்பெனி சேர்த்துக்கொண்டது. எந்த நாட்டுக்குப் போனாலும் நம் ஆட்களுக்கு மத்தியானம் சாம்பார் வேண்டும். அதனால் குழுவோடு அவரும் பறந்தார்.

பாலியில் கிந்தாமணி என்றொரு மலைப்பகுதி. பெரிய பள்ளத்தின் விளிம்பில் வரிசையாக ஓட்டல்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு எதிரே பாத்தூர் எரிமலை, கீழே ஏரி. அதைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். சமையலறை பின்பக்கம், சாலையைப் பார்த்து இருக்கும். சாமான் வேனில் பாத்திரங்களுக்கு நடுவே வந்து இறங்கும் தசரதன், ஏழு முறையும் பார்த்தது அந்தச் சாலையையும் அதில் படுத்திருந்த நாயையும்தான். குழுவின் நாற்பது பேரும் சாப்பிட்டு முடித்து அவர் கூடத்துக்கு வருவதற்குள் மேகம் இறங்கிவிடும்.

"ஏழு தபா போயிட்டு வந்துகீற. மலையோட ஒரு போட்டோ கீதா?" என்றாள் மனைவி கன்னியம்மா. "நீ அங்கதான் போறியான்னே டவுட்டா கீது."

எட்டாவது முறை அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மலைக்குக் கீழே, குழு தங்கியிருந்த உபுத் என்ற ஊரின் ஓட்டலிலேயே விடியற்காலையில் எழுந்து புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் செய்து ஹாட்பாக்ஸ்களில் அடைத்தார். மேலே போய் அடுப்புப் பற்றவைக்க வேண்டாம். குக்கரை அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, முதல் முறையாகப் பயணிகளின் பஸ்ஸில் ஏறினார். கடைசி வரிசை, நடு இருக்கை.

பாதி வழியில் மேடவாக்கம் வைத்தீஸ்வரன் திரும்பிப் பார்த்தார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"வாசனை வருதே. என்ன மெனு?"

"புளிசாதம் சார், நல்லெண்ணெய் வுட்டு. அப்புறம் தயிர்சாதம்."

"கட்டுச்சோறா? அதுக்கு வண்டலூர் ஜூ போதுமே. ஃப்ளைட் ஏறி எதுக்கு வரணும்?"

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். தசரதனும் சிரித்தார். வைத்தீஸ்வரன் சிரிக்கவில்லை.

"சூடான சாப்பாடுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கீங்க. இந்தக் குளிர்ல தயிர்சாதமா?"

நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். குழுவின் மேனேஜர் எபி, சின்ன வயசுக்காரன், பின்னால் வந்து குனிந்தான்.

"அண்ணா, ஒரு ரசம் மட்டும் வெச்சுடுங்க. பத்து நிமிஷ வேலை."

"நாப்பது பேருக்கா? நீ வெச்சுக் காட்டு."

பஸ் நின்றது.

"ஒரு எட்டு மலைய பாத்துட்டு வந்துடறேன் எபி."

"பசியில கத்துவாங்கண்ணா. மலை எங்க போயிடப் போகுது?"

தசரதன் பின்கதவு வழியாக உள்ளே போனார். மசாலாப் பையில் பருப்பும் புளியும் எப்போதும் இருக்கும். குக்கர் இல்லை. அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே மாட்டேன் என்றது. கரண்டியால் மசித்து மசித்துப் பார்த்தார். கூடத்திலிருந்து சத்தம் வந்தது. "பளிச்சுனு தெரியுது பாரு." "எரிஞ்சு கருகின இடம் அதோ." நாய் இந்த முறை உட்கார்ந்திருந்தது.

கொதிக்கும் ரசத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அவர் கூடத்துக்கு வந்தபோது கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

"மலை எங்க சார்?"

"இவ்வளவு நேரம் இருந்துதே. நீங்க பாக்கலையா?" வைத்தீஸ்வரன் மூன்று டம்ளர் குடித்தார். "இதை வெச்சுக்கிட்டா கட்டுச்சோறு தூக்கிட்டு வந்தீங்க?"

புளிசாதம் பாதி மீந்தது. எபி பாவப்பட்டு அவரை வெளியே பள்ளத்து விளிம்பின் கம்பித் தடுப்பருகே நிறுத்தி ஒரு படம் எடுத்தான்.

ஊர் திரும்பியதும் கன்னியம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இன்னா இது, சுண்ணாம்பு அடிச்ச செவுரா? தாம்பரத்துல ஸ்டூடியோக்காரன் கிட்ட குடு. மலைய ஒட்டிக் குடுப்பான்."

"வேணாம் போ."

அடுத்த குழுவுக்கான சமையல் பட்டியலை எபி அனுப்பியிருந்தான். கிந்தாமணிக்கு நேரே, ரசம் கட்டாயம், போன குழு ரொம்பப் புகழ்ந்தது என்று போட்டிருந்தான்.

தசரதன் ரசப்பொடிக்கு மிளகு அளந்தார். பாதியை எடுத்துத் திரும்ப டப்பாவில் கொட்டினார். ரசம் சுமாராக இருந்தால் அடுத்த முறை யாரும் கேட்க மாட்டார்கள். மிக்சியை ஓடவிட்டார். மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு அந்தப் பாதி மிளகையும் எடுத்துப் போட்டு அரைத்தார்.